சூளைக்கு மூன்று ஷிப்ட், காட்டுத்தீக்கு ஒரே ஆள்

(ரெட்டிபாளையத்தில் அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



டிசம்பர் 6 அண்ணல் நம்மைப் பிரிந்த நாள். இந்த நாளில் நாம் வழக்கமாக அரசியல் சட்டத்தைப் பேசுகிறோம், சாதி ஒழிப்பைப் பேசுகிறோம், பௌத்தத்தைப் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் பக்கத்தில் சின்னதாகத் தெரியலாம். தூக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார், எப்போது உட்காருகிறார், எப்போது படுக்கிறார், அதை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

"ரெட்டிபாளையத்தில் காடு எங்கே இருக்கிறது? இங்கே இருப்பது சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் லாரியும் தூசியும்தானே" என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் இதை இங்கே பேசுகிறோம். அணையவே அணையாத தீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நீங்கள். அந்தத் தீயை எத்தனை பேர் முறைவைத்துப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கை நாங்கள் காட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறோம்.

அணையாத தீயின் கணக்கு

சிமென்ட் சூளைக்குள் வெப்பம் ஏறத்தாழ 1,450 டிகிரி. கிளிங்கர் உருவாக அந்தச் சூடு வேண்டும். சூளையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. ஏற்றினால் இரவும் பகலும் ஓட வேண்டும். தீபாவளிக்கும் ஓட வேண்டும், தேர்தலன்றும் ஓட வேண்டும். தீ நிற்காது என்பதற்காக ஒரே ஆளை அதன் முன்னால் நிற்க வைத்துவிட முடியுமா? முடியாது. அதனால் 24 மணி நேரத்தை 8 ஆல் வகுத்தார்கள். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மூன்று கை. வார விடுப்பு கொடுக்க வேண்டுமே, அதற்கு நாலாவதாக ஒரு ரிலீவர். அரைநைட்டும் முழுநைட்டும் பார்த்துக் கண் எரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த ஏற்பாடும் முழுமையானதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளர் டபுள் ஷிப்ட் பார்ப்பது, லாரி ஓட்டுநர் ஸ்டியரிங்கிலேயே கண் அசருவது எல்லாம் நாடு முழுக்க நடக்கிறது. ஆனாலும் ஒன்று உறுதி. தீ நிற்காது என்றால் ஆள் மாற வேண்டும் என்ற விதி இங்கே எழுதப்பட்டிருக்கிறது. அது மீறப்பட்டால் மீறல் என்று சொல்ல ஒரு காகிதம் இருக்கிறது.

காட்டில் அந்தக் காகிதம் இல்லை.

ஒரு தீக்காவலர் சொன்ன கணக்கு

தமிழ்நாட்டு மலைகளில் பிப்ரவரியில் புல் காயத் தொடங்கும். அதற்குள் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். அகலமாகப் புல்லையும் சருகையும் நீக்கி, தீ தாண்டாதபடி வெறும் தரையாக்குவதுதான் தீக்கோடு. பல இடங்களில் அடிவாரத்துப் பெண்களும் இந்த வேலைக்குப் போகிறார்கள். பகலெல்லாம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் தண்ணீர் தூக்கி, உலை வைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு படுக்கிறவர்கள் அவர்கள். பிறகு கோடை முடியும்வரை தற்காலிகமாக எடுக்கப்படும் தீக்காவலர்களும், வேட்டைத் தடுப்புக் காவலர்களும், நிரந்தர வேலையில் இருக்கும் வனக்காப்பாளர்களும் தீயைப் பார்த்துக்கொள்கிறார்கள். இருளர், குறும்பர், காடர், மலசர், பளியர், மலையாளிப் பழங்குடிகள், அடிவாரச் சேரிகளைச் சேர்ந்த நம் ஆட்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். பதவி மேலே போகப்போக அவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

எங்கள் குழு ஒரு கோடையில் ஒரு மலையடிவாரத்துக்குப் போயிருந்தது. எந்த மலை, எந்தச் சரகம் என்று சொல்லப்போவதில்லை. எங்களிடம் பேசியவருக்கு அடுத்த கோடையிலும் வேலை வேண்டும். நாங்கள் போனபோது அவர் தீயிலிருந்து இறங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. முன்கையில் ரோமம் கருகியிருந்தது. செருப்பின் அடிப்பகுதி உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீங்கண்ணே?" என்று கேட்டோம்.

"மணியெல்லாம் யாரு தம்பி பார்த்தா? மொத நாள் விடியக்கருக்கல்ல ஏறுனோம். மறுநாள் பொழுது சாயத்தான் இறங்குனோம். நடுவுல மூணு வேளைச் சோறு தப்பிப்போச்சு."

சமூகவியல் படித்த நாங்கள் கேள்வித்தாளில் 'வேலை நேரம்' என்று ஒரு கட்டம் போட்டு எடுத்துப் போயிருந்தோம். அவரிடம் மணிக்கணக்கு இல்லை. சோற்றுக்கணக்குதான் இருந்தது. விடியலிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை என்றால் ஏறத்தாழ 36 மணி நேரம் என்று நாங்கள்தான் கணக்குப் போட்டு எழுதினோம். அந்த எண்ணைச் சொன்னதும் அவரே கொஞ்சம் திகைத்தார். "அவ்வளவு நேரமா?" என்றார்.

அவர் கூடப் போன ஒரு பையனைப் பற்றியும் சொன்னார். இறங்கியதும் வீட்டுக்குப் போக அவன் வண்டியை எடுத்திருக்கிறான். கொண்டை ஊசி வளைவில் கண் அசந்துவிட்டான். தொடை எலும்பு முறிந்தது. மருத்துவமனைச் சீட்டில் 'வண்டியிலிருந்து தானாக விழுந்தது' என்று எழுதியிருந்தார்கள். தீ அந்தச் சீட்டில் இல்லை. 36 மணி நேரமும் இல்லை. அவனாக விழுந்தான் என்பதோடு கணக்கு முடிந்தது.

தோழர்களே, நாங்கள் இன்று சொல்ல வந்தது இந்தச் சீட்டைப் பற்றித்தான். தீ சுட்டால் அது விபத்தாகவாவது பதிவாகும். களைப்பு கொன்றால் அது செத்தவனின் கவனக்குறைவாகப் பதிவாகும்.

ஏன் இரவு முழுக்க?

காட்டுத்தீயை அணைக்கும் வேலையே தூக்கத்தைப் பிடுங்கும் வேலை. நம் காடுகளில் பெரும்பாலும் எரிவது தரைத்தீ. சருகிலும் புல்லிலும் புதரிலும் ஓடும். பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைப்பார்கள். அரிவாளால் புதரை வெட்டிக் கோடு போடுவார்கள். சில இடங்களில் காற்று ஊதும் கருவி உண்டு. நிலைமை கைமீறினால் எதிர்த்தீ வைப்பார்கள். பகலில் வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி வீசும். அப்போது தீ ஏறுமுகத்தில் பாய்ந்து ஓடும், மனிதனால் அதை முந்த முடியாது. இரவில் குளிர்ந்து ஈரம் கூடும்போது தீ அடங்கும். எனவே அணைக்க ஏற்ற நேரம் இரவும் விடியலும். தீ அணைந்த பிறகும் வேலை முடியாது. உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் கட்டைகளைத் தேடிப் பிரித்துப் போட்டு மண் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் மதியக் காற்றில் அது மறுபடி பற்றும். ஆக, இரவில் அணைப்பு, பகலில் காவல். நடுவில் தூங்க இடமே இல்லை, மாற்று ஆள் வந்தாலொழிய.

இந்த வேலையில் உயிரைக் காப்பது கையின் பலத்தைவிட முடிவெடுக்கும் திறன். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும், எப்போது விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பதை நொடியில் தீர்மானிக்க வேண்டும். தூக்கம் கெட்டவனிடமிருந்து முதலில் போவது அந்தத் திறன்தான்.

இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மது அருந்தி வண்டி ஓட்டினால் பிடித்து அபராதம் போடுகிற அரசு, அதைவிட மோசமான நிலையில் ஒருவனைத் தீக்குள் நிறுத்துகிறது. பிறகு அதே நிலையில் வண்டியில் வீட்டுக்கு அனுப்புகிறது.

நமக்குத் தெரிந்த சாவுகள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடே அதைப் பார்த்தது. ஹெலிகாப்டர்கள் வந்தன, விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வர வேண்டியவைதான். அந்தப் பிள்ளைகளின் சாவு நமக்கும் வலிதான். ஆனால் ஹெலிகாப்டருக்கு முன்னால் இருட்டில் மேலே ஏறியவர்கள் அந்த வட்டாரத்து ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும். தீக்காயம் பட்டவர்களைத் துணியில் தூளிகட்டித் தூக்கிச் சுமந்தார்கள். அவர்கள் அன்று எத்தனை மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்கள் என்று எந்த அறிக்கை கேட்டது?

2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தீயை அணைக்கப் போன வனக் காவலர்கள் 3 பேர் தீயில் சிக்கி மாண்டார்கள். 2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வாகனத்தில் இருந்தவர்கள் தீக்குள் மாட்டினார்கள். அந்த இடத்திலேயே 4 பேர் இறந்தார்கள். அந்த 4 பேரில் ஒரு பீட் அலுவலர், ஒரு தீக்காவலர், ஊர்க்காவல் போன்ற பணியில் இருந்த ஒருவர், ஒரு நாள்கூலி. இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். ஒரே தீ, ஒரே வாகனம், ஒரே சாவு. சம்பளமும் உரிமையும் மட்டும் நாலு விதம். படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அண்ணல் எதைச் சொன்னாரோ, அது தீக்குள்ளும் வரிசை மாறாமல் உட்கார்ந்திருக்கிறது.

எழுதப்பட்ட கடமை, எழுதப்படாத ஓய்வு

இப்போது சட்டத்துக்கு வருவோம். இந்திய வனச் சட்டம் 1927இன் 79ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், மாணவர்களே. தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டின் தனி வனச் சட்டம் உண்டு. நாட்டின் பெரும்பகுதிக்கு 1927இன் சட்டம். அதன்படி, காட்டில் ஏதேனும் உரிமை அனுபவிக்கிறவர், விறகெடுக்கவோ மாடு மேய்க்கவோ அனுமதி பெற்றவர், அங்கே வேலை செய்கிறவர் எல்லோரும் தீயைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டும். அதிகாரி கேட்டால் அணைக்க உதவ வேண்டும். தவறினால் ஒரு மாதம்வரை சிறை, அல்லது 200 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கூலியைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. எத்தனை மணி நேரம் என்று இல்லை. சோறு யார் போடுவது என்று இல்லை.

இதற்கு நம் ஊரில் ஒரு பழைய பெயர் இருக்கிறது. வெட்டி. இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள் சொல்கிறோம். முன்பு அது கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய ஊழியம். சாவுச் சேதி சொல்லப் போகவும், பிணம் எரிக்கவும், இரவுக் காவலுக்கு நிற்கவும், அதிகாரி வந்தால் பெட்டி தூக்கவும் நம் முன்னோர்களைக் கூப்பிட்டார்கள். அந்த ஊழியத்தின் கொடுமை கூலி இல்லாதது மட்டுமல்ல. அதற்கு நேரம் இல்லை. தொடங்கும் நேரமும் இல்லை, முடியும் நேரமும் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓட வேண்டும். பாதிச் சோற்றில் எழுந்தவர்கள், பிள்ளைப்பேறு நடந்துகொண்டிருக்கும்போது எழுந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். ஒருவனின் நேரம் அவனுடையது அல்ல என்றால் அவன் உடம்பும் அவனுடையது அல்ல. அடிமைத்தனத்தை நாம் கூலியால் மட்டும் அளந்து பழகிவிட்டோம். அதைக் கடிகாரத்தாலும் அளக்க வேண்டும்.

இன்று தீக்காவலருக்குக் கூலி கொடுக்கிறார்கள். ஆனால் நாள் என்றால் எத்தனை மணி என்று சொல்லாமல் கொடுக்கப்படும் நாள்கூலியில் வெட்டியின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் வந்தார், வரவில்லை என்ற இரண்டு குறிதான் உண்டு. 8 மணி நேரம் நின்றவருக்கும் ஒரே கோடு, 24 மணி நேரம் நின்றவருக்கும் அதே கோடு.

இன்னொரு முரணைப் பாருங்கள். தீ எப்போது தொடங்கியது, எங்கே இருக்கிறது என்பதை வானத்திலிருந்து பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ ஒன்றரை மணிக்கும் பகல் ஒன்றரை மணிக்கும் நம் தலைக்கு மேல் கடக்கிறது. இந்திய வன அளவீட்டு நிறுவனம் அந்தத் தகவலைச் சரிபார்த்து வனத்துறையினரின் கைப்பேசிக்கு அனுப்புகிறது. தீயின் நேரத்துக்கு நிமிடக்கணக்கு இருக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு இருட்டில் நடந்து மேலே ஏறுகிறவனின் நேரத்துக்குக் கணக்கு இல்லை.

அண்ணலின் 48 மணி

அண்ணல் 1942 முதல் 1946வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். மேடைகளில் நாம் "8 மணி நேர வேலையைத் தந்தவர்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். அதைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை. 1934இன் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளுக்கு வாரத்துக்கு 54 மணி, நாளுக்கு 10 மணி என்று இருந்தது. அவர் பொறுப்பில் இருந்தபோது கொண்டுவரப்பட்ட 1946இன் திருத்தம் அதை வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று குறைத்தது. பருவகால ஆலைகளுக்கு மட்டும் அதைவிடக் கூடுதல் மணி இருந்தது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுப்பு, கூடுதல் வேலைக்கு இரட்டைக் கூலி எல்லாம் எழுத்தில் வந்தன.

'பருவகாலம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். "கொஞ்ச நாள் வேலைதானே, பொறுத்துக்கொள்" என்பதுதான் அதன் பொருள். ஆலையில் 1948லேயே செல்லாமல் போன அந்த வாதம் காட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "கோடை மட்டும்தானே, தீ சீசன்தானே" என்கிறார்கள்.

பெற்றதைத் தக்கவைக்கவே நாம் போராட வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் முதல் மே நாள் கொண்டாடி 100 ஆண்டு நிறைந்த அதே நாள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் தொழிலாளர் தொகுப்புகளிலும் நாளுக்கு 8 மணி என்ற எண் இருக்கிறது. ஆனால் இடைவேளையோடு சேர்த்து ஒருவரை எத்தனை மணி நேரம் இழுத்துப்பிடிக்கலாம் என்பதை அரசுகளே தீர்மானிக்கலாம். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. வனத்துறை நாள்கூலி எந்தக் கதவைத் தட்டுவது?

நீதிமன்றக் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. வனத்துறையின் வேலையெல்லாம் அரசின் இறையாண்மைப் பணி என்று சொல்லித் தொழிலாளர் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் ஜகந்நாத் மாருதி கொண்டாரே வழக்கில் சொல்லியிருக்கிறது. அது புனே பகுதியின் சமூகக் காடு வளர்ப்பு வேலையைப் பற்றிய தீர்ப்பு. பின்னால் வேறு விதமான தீர்ப்புகளும் வந்தன. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்த வழக்கில், வேலைக்கும் விபத்துக்கும் தொடர்பு இருந்தால் அது வேலையில் நேர்ந்த விபத்தே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொண்டை ஊசி வளைவில் விழுந்த பையனுக்காக நாம் பேசக்கூடிய வழி இந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

தீ காத்திருக்குமா?

எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. "தோழர், தீ எரியும்போது ஷிப்ட் முடிந்தது என்று இறங்கி வர முடியுமா?" நேர்மையான கேள்விதான். கேட்கிறவர்களில் நல்ல அதிகாரிகளும் உண்டு. அவர்களில் பலர் தாங்களும் தூங்காமல் நிற்கிறவர்கள். எங்கள் பதில் இதுதான். சூளைத்தீ மட்டும் காத்திருக்கிறதா? காத்திருக்காத தீ என்பதால்தானே அங்கே மூன்று கை வைத்தார்கள். தீ நிற்காது என்பது ஆளைக் கூட்டுவதற்கான காரணமே தவிர, இருக்கும் ஆளைச் சாகடிப்பதற்கான காரணம் அல்ல.

உலகில் இதற்கு விதி வகுத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் காட்டுத்தீ அணைப்புப் பணியில், 2 மணி நேர வேலைக்கோ பயணத்துக்கோ 1 மணி நேர ஓய்வு என்ற விகிதம் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரின் வேலை 16 மணி நேரத்தைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று பொறுப்பதிகாரி காரணம் எழுத வேண்டும். பயண நாள் நீங்கலாகத் தொடர்ந்து 14 நாள்தான் பணி, பிறகு கட்டாய ஓய்வு. அங்கே தீ நம் தீயைவிடப் பெரிது. இருந்தும் விதி சாத்தியமாயிற்று.

அமெரிக்காவைச் சொர்க்கமாகக் காட்ட இதைச் சொல்லவில்லை. அதே நாட்டின் கலிபோர்னியாவில் சிறைக் கைதிகளைத் தீயணைக்க அழைத்துப் போகிறார்கள். 2025வரை அவர்களுக்கு நாள்கூலி 5.80 டாலர் முதல் 10.24 டாலர்தான், தீ எரியும் நேரத்தில் மணிக்கு 1 டாலர் கூடுதல். அந்த நாட்டுச் சிறைகளில் கறுப்பின மக்கள் அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாக அடைபட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். எந்த நாடானாலும் தீக்கு முன்னால் மலிவான உடம்பைத் தேடும் பழக்கம் ஒன்றாகவே இருக்கிறது. நாம் அங்கிருந்து விதியை எடுத்துக்கொள்வோம், அந்த விதிவிலக்கை நிராகரிப்போம்.

நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. காவல்துறையில் வார விடுப்பு சாத்தியமில்லை என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். 2021இல் காவலர்களுக்கு வார விடுப்பு என்று அரசாணை வந்தது. நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் சீருடைப் பணிக்கும் ஓய்வு உரிமைதான் என்று அரசு ஒத்துக்கொண்டது.

இன்னொரு வாதம் புகழ்ச்சியாக வரும். "அவர்கள் காட்டிலேயே பிறந்தவர்கள், மலை அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு, நம்மைப் போல அவர்களுக்குக் களைப்பு தெரியாது." இந்தப் புகழ்ச்சியைக் கேட்டு மகிழாதீர்கள். பழங்குடி மக்களின் அறிவு உண்மை. எந்தப் புல் எப்போது காயும், எந்தச் சரிவில் காற்று எப்படித் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அறிவைப் புகழ்கிறவர் அறிவுக்கேற்ற சம்பளமும் பதவியும் கொடுப்பார். இவர்கள் புகழ்வது அறிவை அல்ல, தாங்கும் உடம்பை. பிறப்பாலேயே ஒரு வேலைக்குப் பொருந்திய உடம்பு என்று சொல்வது எந்தத் தத்துவம் என்று இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. மலக்குழிக்குள் இறங்குகிறவரைப் பற்றியும் "அவருக்குப் பழக்கம்" என்றுதான் சொன்னார்கள்.

என்ன கேட்கப் போகிறோம்

எங்கள் கோரிக்கைகள் பெரிய புரட்சித் திட்டமல்ல. ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகின்றன.

முதலாவது, நேரப் பதிவேடு. தீக்குப் போகிற ஒவ்வொருவரும் ஏறிய நேரம், இறங்கிய நேரம், தூங்கிய நேரம் எழுதப்பட வேண்டும். நிரந்தரமோ தற்காலிகமோ, துறை ஆளோ வெளிமுகமை ஆளோ, எல்லோருக்கும் ஒரே பதிவேடு. வேட்டைத் தடுப்புக் காவலர்களைத் தனியார் முகமைக்கு மாற்றும் முயற்சி 2022இல் எழுந்தபோது முதுமலையிலும் ஆனைமலையிலும் எதிர்ப்பு வந்ததே, அதன் காரணம் இதிலும் இருக்கிறது. முகமை வந்தால் பதிவேடு யார் கையில் என்பதே தெரியாமல் போகும்.

இரண்டாவது, மாற்றுக் குழு. 12 மணி நேரம் ஆனதும் அடுத்த குழு ஏற வேண்டும். அதைத் தாண்ட நேர்ந்தால் ஏன் என்று அதிகாரி எழுத வேண்டும். இதற்கு இப்போதிருப்பதைப்போல் இரண்டு மடங்கு ஆள் வேண்டும். ஆம், வேண்டும். அடிவாரக் கிராமங்களில் வேலை இல்லாத இளைஞர்களுக்குப் பஞ்சம் இல்லை.

மூன்றாவது, இறங்குகிறவரை வீடு சேர்க்கத் துறை வண்டி. இரவு முழுக்கத் தீயில் நின்றவர் தன் வண்டியைத் தொடக் கூடாது.

நான்காவது, ஓய்வு நாளுக்குக் கூலி. கூலி இல்லாத ஓய்வை நாள்கூலிக்காரர் எடுக்க மாட்டார். பட்டினியையும் களைப்பையும் எதிரெதிரே நிறுத்தினால் அவர் களைப்பைத்தான் தேர்ந்தெடுப்பார்.

ஐந்தாவது, ஒவ்வொரு விபத்து விசாரணையிலும் ஒரு கட்டாயக் கேள்வி. பாதிக்கப்பட்டவர் அதற்கு முன் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார்?

இந்தக் கேள்வியை நம்மிடமும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தோழர் ஒருவர் வேலையில் இறந்தால் நாம் மறியல் செய்கிறோம், இழப்பீடு கேட்கிறோம், உடலை வாங்க மறுக்கிறோம். அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டோமா? நாங்களும் கேட்டதில்லை. அந்தத் தீக்காவலர் "அவ்வளவு நேரமா?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. நம் எழுத்தும் பசியை எழுதியது, அவமானத்தை எழுதியது, அடிபட்ட வலியை எழுதியது. தூங்க விடப்படாத உடம்பை இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. இங்கே இருக்கும் மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். பச்சைமலை பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த பிப்ரவரியில் போங்கள். 'வேலை நேரம்' என்ற கட்டத்தோடு போகாதீர்கள், எந்தச் சோறு தப்பிப்போனது என்று கேளுங்கள். பிறகு அதை மணியாக்கி எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

தன் நேரம் எவ்வளவு எடுக்கப்பட்டது என்று ஒருவனுக்குத் தெரிவது விடுதலையின் தொடக்கம். ஆலைத் தொழிலாளிக்கு அந்த எண்ணைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்த கையை இன்று நினைவுகூர்கிறோம். அந்த 48 மணி மலையேற வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. அது நம் வேலை.

இந்தக் கூட்டம் முடிந்ததும் முழுநைட்டுக்குப் போகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். பத்திரமாகப் போய் வாருங்கள். காலையில் வந்ததும் தூங்குங்கள். அது உங்கள் உரிமை.